ஈசானியத்தில் கிணறு... வாயுவில் வம்பு!

“தம்பிங்களா, அட்வான்ஸ் பத்து மாசம். வாடகை ஒண்ணாம் தேதி டாண்ணு வந்துடணும். ராத்திரி பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிடுவேன். இதெல்லாம் அப்புறம்... முதல்ல இந்தத் தண்ணியைக் குடிச்சுப் பாருங்க!”

1997 ஜூன் மாதம். பாலவாக்கத்தில் மாடி போர்ஷன் பார்க்கப் போன நாங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரோடு நின்றோம். பேச்சிலர்களுக்கு வீடு தர ஒருத்தர் ஒப்புக்கொண்டதே பெரிசு. அவர் விஷத்தைக் கொடுத்திருந்தாலும் “அபாரம் சார்!” என்றுதான் சொல்லியிருப்போம். (ஏறக்குறைய அதுதான் நடந்தது என்பது பிறகு தெரிந்தது.)

ஆனால் பொய் சொல்லக் கூடாது. தண்ணீர் நிஜமாகவே பிரமாதம். திருவல்லிக்கேணி மேன்ஷனில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ஓடி ஓடி இளைத்துப் போயிருந்த எங்களுக்கு, கண்ணாடி மாதிரி தெளிவாக, ஜில்லென்று, லேசான தித்திப்போடு ஒரு தண்ணீர். ஹவுஸ் ஓனர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படி? கல்கண்டு மாதிரி இல்லே?”

“கல்கண்டேதான் சார்!”

அவர் பெருமைக்குக் காரணம் உண்டு. கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் நல்ல தண்ணீர் கிடைப்பதே ஒரு அதிசயம். கடலோர மணலுக்கு அடியில் மழை நீர் ஒரு லென்ஸ் மாதிரி, உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது ஒரு கணக்கு. திருப்பிப் போட்டுப் பாருங்கள்: பேராசைப்பட்டு மேலே ஒரு அடி குறைத்தால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரும்! அதனால்தான் தெற்குச் சென்னைக் கடலோரத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர் உப்பைக் குடிக்க, 20 அடிக்கு உறை இறக்கியவர் கல்கண்டைக் குடிக்கிறார்.

இதன் விளைவு என்னவென்றால், நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் உப்பு நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு ‘லேசா கடுக்குது’, ‘சோப்பு நுரைக்காது’ என்று ஜோசியம் மாதிரி சொல்லிவிடுவார்கள். உப்பு இல்லையா? நல்ல தண்ணி. தீர்ந்தது விஷயம்.

எங்கள் ஓனரின் கிணறும் உறைக் கிணறுதான். நாலு அடி விட்டம், சிமெண்ட் உறைகள். குளிக்க, துவைக்க மோட்டார் போட்டு மாடி டாங்க்குக்கு ஏற்றுவார். குடிக்கிற தண்ணீரை மட்டும் ராட்டினத்தில்தான் இறைக்க வேண்டும். “டாங்க்ல ஏத்தினா வெயில்ல ருசி போயிடும் தம்பி!”

நாலு மாதம் கல்கண்டு குடித்தோம்.

தீபாவளியோடு மழை பிடித்துக்கொண்டது. நவம்பர் முழுக்கக் கொட்டியது. கிணற்றில் தண்ணீர் ஏறி ஏறி, ஒரு நாள் ஓனர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கயிறே இல்லாமல் ஒரு சொம்பில் மொண்டு காட்டினார். “பார்த்தீங்களா தம்பி... கையாலேயே மொள்ளலாம்!” நாங்களும் கைதட்டினோம். படித்தவர்கள்!

டிசம்பர் இரண்டாவது வாரம் திருச்சிக்காரன் சிகரெட்டைக் கீழே போட்டான்.

எங்கள் அறையில் யாருக்கும் பெயர் கிடையாது. திருச்சிக்காரன், மதுரைக்காரன், நாகர்கோவில்காரன், நான். இதில் திருச்சிக்காரன் தினம் ஒரு பாக்கெட் ஊதுகிறவன். அவன் பற்ற வைத்த சிகரெட்டை “என்னவோ குமட்டுதுடா” என்று அணைத்தபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம். காதல் என்று மதுரைக்காரன் சந்தேகப்பட்டான். அடுத்த நாள் சாம்பார் வாசனைக்கு ஓடினான். அதற்கடுத்த நாள் மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்தான். நாலாம் நாள் காலையில் வெளிச்சத்தில் பார்த்தால், கண் இரண்டும் மஞ்சள்.

அவன் அப்போதுதான் பேங்க் ஆபீசர் பரீட்சையில் தேறியிருந்தான். மூன்றாவது முயற்சி. ஜனவரி முதல் வாரம் ஹைதராபாத்தில் டிரெயினிங். பையில் ஆர்டர், ரயில் டிக்கெட், புதுசாகத் தைத்த இரண்டு பேண்ட்.

டாக்டர் வயதானவர். வயிற்றை அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். நாங்கள் ஒரே குரலில் பீச் பானிபூரிக்காரர் மேல் பழியைப் போட்டோம்.

“எப்போ சாப்பிட்டீங்க?”

“போன வாரம் டாக்டர்.”

“அவரை விட்டுடுங்க. இந்த வைரஸ் உடம்புக்குள்ளே போய் மஞ்சளாக் காட்டறதுக்குப் பொதுவா ஒரு மாசம் ஆகும். முன்னே பின்னே இருக்கலாம். நவம்பர்ல என்ன தண்ணி குடிச்சீங்க?”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்கண்டு.

ஹெபடைட்டிஸ் ஏ, ஹெபடைட்டிஸ் ஈ என்று இரண்டு உண்டாம். (ஈ என்றால் பறக்கிற ஈ இல்லை... ஆங்கில ஈ!) இரண்டுமே நோயாளியின் மலத்தில் வெளியேறி, அடுத்தவர் வாய்க்குள் போகிறவை. நடுவில் உள்ள பாதைதான் தண்ணீர். மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஓய்வுதான். பயணம் கூடவே கூடாது என்றார். திருச்சிக்காரன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நாங்கள் எழுந்தபோது டாக்டர் கேட்டார்: “அந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிக்கிறவங்கள்ல கர்ப்பிணிகள் யாராவது இருக்காங்களா?”

இருந்தார். ஓனரின் பெண். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். ஏழாம் மாதம்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஏ பரவாயில்லை, ஆனால் ஈ வகை வந்தால் மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானே சரியாகிவிடும், நிறைமாதத்தை நெருங்கும் பெண்களுக்கு உயிருக்கே ஆபத்து என்றார். “எதுன்னு ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. இன்னிக்கு ராத்திரியே போய்ச் சொல்லுங்க.”

சொன்னோம். ஓனர் அம்மா அந்த நிமிஷமே அடுப்பில் ஒரு அண்டா தண்ணீரை ஏற்றிவிட்டார். தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தாலே இந்தக் கிருமிகள் காலி. ஓனர்தான் அசையவில்லை.

“இவ்வளவு ருசியான தண்ணியிலே கிருமியா? பதினோரு வருஷமா குடிக்கிறேன் தம்பி. எனக்கு ஏன் வரலை?”

நியாயமான கேள்விதான். அவருக்குச் சின்ன வயதிலேயே ஏ வகை வந்து, சளி ஜுரம் மாதிரி தெரியாமலே போயிருக்கலாம். ஒருமுறை வந்தால் மறுபடி வராது. ஆனால் ஹெட்மாஸ்டரிடம் பாடம் நடத்த அன்றைக்கு எங்களுக்குத் தைரியம் இல்லை.

ருசி விஷயம் மட்டும் எனக்குப் பல வருஷம் கழித்துப் புரிந்தது. 1854-ல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா வந்து 600 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஜான் ஸ்நோ என்ற டாக்டர், இறந்தவர்கள் வீடுகளை வைத்துக் கணக்குப் போட்டு, பிராட் ஸ்ட்ரீட் அடிபம்ப்பின் மேல் கையை வைத்தார். அதுவும் ஆழமில்லாத கிணறுதான். ஆனால் ஒரு கணக்கு இடித்தது. சில மைல் தள்ளி ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவையும் அதே காலராவில் இறந்திருந்தார். விசாரித்தால், அந்த அம்மா முன்பு பிராட் ஸ்ட்ரீட் பக்கம் குடியிருந்தவர். வீடு மாறின பிறகும், அந்தப் பம்ப் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், தினமும் ஆள் வைத்து ஒரு பாட்டில் வரவழைத்துக் குடித்தாராம்! பிற்பாடு தோண்டிப் பார்த்தபோது, கிணற்றுக்கு மூணு அடிகூடத் தள்ளாமல் பக்கத்து வீட்டுக் கழிவுக் குழி. செங்கல் இற்றுப்போய் ஒழுகிக்கொண்டிருந்தது.

ஆக, ருசி என்பது ஆளைக் கூட்டி வருமே தவிர, காப்பாற்றாது.

ஓனரை வழிக்குக் கொண்டுவர ஒரே வழி, அவர் மதிக்கிற ஒன்று: மார்க் ஷீட். தண்ணீரைப் பரிசோதிக்கலாம் என்றோம். சம்மதித்தார், ஜெயிக்கிற நம்பிக்கையில். கிருமி பார்ப்பதற்குக் கொதிக்க வைத்துச் சுத்தப்படுத்தின பாட்டில் வேண்டும், ஐஸில் வைத்துச் சீக்கிரம் கொண்டுபோக வேண்டும். மதுரைக்காரன் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு பஸ்ஸில் போனான். பக்கத்து சீட்டுக்காரர் கண் தானத்துக்குக் கொண்டுபோவதாக நினைத்து எழுந்து இடம் விட்டாராம்.

ரிப்போர்ட் வந்தது. ஓனர் மூக்குக் கண்ணாடியை மாட்டினார். மொத்த உப்பு... அளவுக்குள். கடினத்தன்மை... அளவுக்குள். “நான் சொல்லலே?” என்று நிமிர்ந்தார்.

“சார், கீழே படிங்க.”

லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டிய நைட்ரேட், அதைப் போல் இரண்டு மடங்கு. நூறு மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாத மலக் கிருமி... இருந்தது. காமாலை வைரஸை அந்த ரிப்போர்ட்டில் தேடுவதில்லை. மலக் கிருமி வந்த வழியில் அதுவும் வரும் என்பதுதான் கணக்கு.

(இன்றைக்கும் இதே கதைதான். ஃபில்டர் விற்க வருகிற பையன் பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணீரில் முக்கி, நம்பரைக் காட்டுகிறான். அந்த மீட்டர் கரைந்திருக்கிற உப்பை அளக்கிறது, கிருமியை அல்ல. நம் நாக்குக்கு பேட்டரி போட்டால் அந்த மீட்டர். கிருமியைத் தெரிந்துகொள்ள, குவாலியரில் ராணுவ ஆராய்ச்சிக் கூடத்து விஞ்ஞானிகள் 1982-ல் சொன்ன ஒரு சுலபமான வழி இருக்கிறது. மருந்து தடவிய காகிதம் உள்ள சின்ன பாட்டில். தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக் கலப்பு இருந்தால் கறுத்துப்போகும். படிக்கத் தெரியாதவர்களும் படிக்கக்கூடிய ரிப்போர்ட்!)

ஓனரின் கை லேசாக நடுங்கியது. உள்ளேயிருந்து பெண்ணின் இருமல் சத்தம் கேட்டது.

“ஆனா எப்படி தம்பி? வாஸ்துப்படி கட்டின வீடு. கிணறு ஈசானிய மூலை. செப்டிக் டேங்க் வாயு மூலை. நடுவுல முப்பது அடி இருக்கு!”

அங்கேதான் நாகர்கோவில்காரன் (சிவில் என்ஜினீயரிங் டிப்ளமா) வாயைத் திறந்தான். கழிவு நீரை மண்ணில் விடுகிற குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று இந்தியத் தரக் கட்டுப்பாடு சொல்கிறது. கிட்டத்தட்ட 60 அடி. நம் ஊரில் ஒரு கிரவுண்டு என்றால் 40-க்கு 60. அதாவது மனையின் முழு நீளமே 60 அடிதான்! ஒரு மூலையில் கிணறு, குறுக்காக எதிர் மூலையில் குழி என்று வைத்தால்தான் தேறும். தேறினாலும் பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருவர் இருக்கிறாரே?

“சார், பக்கத்து வீட்டுக்காரரும் வாஸ்து பார்த்துத்தானே கட்டியிருப்பார்?” என்றான்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எங்கள் தெரு கிழக்கு மேற்காக ஓடுகிறது. வீடுகள் வரிசையாக ஒட்டி ஒட்டி. எனக்கு ஈசானியம் என்பது வடகிழக்கு. எனக்குக் கிழக்கே இருப்பவருக்கு வாயு மூலை என்பது வடமேற்கு. இரண்டும் ஒரே இடம்! நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர். அவ்வளவுதான்.

டேப் பிடித்து அளந்தோம். ஓனர் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க்குக்கும் ஒன்பது அடி. தெரு முழுக்க இதே கதை. ஒவ்வொருவர் கிணற்றுக்கும் கிழக்கு வீட்டுக்காரர் உபயம். கடைசியில் காலி மனையை ஒட்டிய வீட்டுக்காரர் ஒருவர் மட்டும் தப்பினார்.

ஓனர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “நிலத்தடித் தண்ணி கடலைப் பார்த்து, கிழக்கேதானே ஓடும்? அவன் கழிவு எப்படி மேற்கே என் கிணத்துக்கு வரும்?”

ஹெட்மாஸ்டர் ஹெட்மாஸ்டர்தான். பாயிண்ட் சரி. ஆனால் மோட்டாரைப் போட்டதும் கிணற்றைச் சுற்றி நிலத்தடி நீர் புனல் மாதிரி நாலு பக்கமும் குழியும். ஒன்பது அடியில் இருப்பது எந்தத் திசையானாலும் உள்ளே வரும். மேற்கே இருக்கிற அவருடைய சொந்த டேங்க்கோ, இயற்கையாகவே கிணற்றைப் பார்த்துத்தான் வருகிறது.

நம்மில் பலரும் செப்டிக் டேங்க் என்பது எல்லாவற்றையும் பத்திரமாகப் பூட்டி வைக்கிற லாக்கர் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. நிறைந்த டேங்க்கில் ஒரு வாளி உள்ளே போனால் ஒரு வாளி வெளியே வந்தாக வேண்டும். கெட்டி கீழே தங்கும். தண்ணீர் மண்ணுக்குப் போகும். நடுவில் காய்ந்த மணல் நாலைந்து அடி இருந்தால், மெதுவாக இறங்குவதற்குள் கிருமிகள் மணலில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். கோடையில் எங்களைக் காப்பாற்றியது அந்த மணல்தான். மழையில் நிலத்தடி நீர் ஏறி, கழிவுக் குழியின் அடியையே தொட்டுவிட்டால்? காய்ந்த மணலே இல்லை. தண்ணீரோடு தண்ணீர். ஓனர் சொம்பில் மொண்டு காட்டின அன்று நாங்கள் கைதட்டினோமே, அந்த நாள்தான் தண்ணீர் மிக மோசமாக இருந்திருக்க வேண்டும்.

நைட்ரேட்டை மணலும் பிடிக்காது. அது கரைந்து கூடவே வரும். கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்தியாகும்! 1945-ல் அமெரிக்காவில் அயோவா பண்ணை வீடுகளில் கைக்குழந்தைகள் நீலம் பாரித்துப்போனதை ஹண்டர் காம்லி என்ற டாக்டர் ஆராய்ந்து, கிணற்றுத் தண்ணீரில் கரைத்த பால்தான் காரணம் என்று எழுதினார். நைட்ரேட் மிகுந்த தண்ணீர், பிஞ்சுக் குழந்தையின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமப்பதைக் கெடுத்துவிடுகிறது. இதைச் சொல்லி, “பேரக் குழந்தைக்கு இந்தத் தண்ணியில பால் பவுடர் கரைக்கிற பேச்சே வேண்டாம்” என்று டாக்டர் ஓனரிடம் தனியாகச் சொல்லியனுப்பினார்.

அடுத்த காட்சி, பக்கத்து வீடு. அங்கேதான் சிக்கல். இரண்டு வீட்டுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. காரணம், தென்னை மட்டை. அவர்கள் மரத்து மட்டை இவர் ஸ்கூட்டர் மேல் விழுந்தது. தூதுவர்களாக நாங்கள் போனோம். ‘டேங்க் என் மனையில் இருக்கு, உங்க ஓனர் யார் கேட்க?’ என்றார் அவர். டேங்க்குக்கு அடித்தளமே போடவில்லை, ‘மண்ணே இழுத்துக்கும்னு மேஸ்திரி சொன்னார்’ என்பதையும் பெருமையாகச் சொன்னார்.

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார். “அந்தப் பொண்ணு மாசமா இருக்காளே... அவளா இந்தத் தண்ணியைக் குடிக்கிறா?” என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆறு வருஷத் தென்னை மட்டை காணாமல் போனது. பிப்ரவரியில் அவர்கள் டேங்க்குக்குத் தளம் போட்டு, வெளியேறும் தண்ணீருக்கு வாசல் பக்கம் தள்ளிக் குழி வெட்டினார்கள். ஓனரும் தன்னுடையதை இடம் மாற்றினார். வாயு மூலைக்கு எதிரான அந்தச் செயலுக்காக ஒரு பரிகாரமும் செய்தார்.

அதற்கு நடுவில் பிளீச்சிங் பவுடர் படலம். ஓனர் முதல் நாள் உற்சாகத்தில் அரைக் கிலோவையும் அப்படியே கிணற்றில் கொட்டிவிட்டார். தெருவே நீச்சல் குளம் மாதிரி நாறியது. வெள்ளத்தில் மூழ்கின கிணற்றுக்குத்தான் அந்த டோஸ். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் எத்தனையோ கிணறுகளுக்கு அப்படிப்பட்ட வைத்தியம் தேவைப்பட்டது. ஒரு ராத்திரி ஊறவிட்டு, முழுக்க இறைத்துக் கொட்டிவிட வேண்டும். தினப்படிக்கு ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் போதும். எங்கள் கிணற்றில் பத்து அடி தண்ணீர் என்றால் சுமார் 3,400 லிட்டர். எட்டரை கிராம், இரண்டு டீஸ்பூன்! அதை வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டு, தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றி, கிணற்றில் இறக்கி மேலும் கீழுமாக ஆட்ட வேண்டும். ராத்திரி போட்டால் காலையில் குடிக்கலாம். குடிப்பதைக் கொதிக்க வைத்தும் கொண்டோம்.

இன்னும் சில சில்லறைத் திருத்தங்கள். தரையில் கிடந்த வாளியும் கயிறும் கொக்கிக்கு ஏறின. கிணற்றடியில் துவைக்கிற கல் பின்பக்கம் போனது. மேடையின் விரிசல் பூசப்பட்டது. 2003-ல் தமிழ்நாட்டில் மழை நீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு, மொட்டை மாடித் தண்ணீரைக் கிணற்றில் விடுகிற நல்ல பழக்கம் வந்திருக்கிறது. உப்பும் குறைகிறது. ஆனால் முதல் மழையை வெளியே விடாமல், காக்கை எச்சத்தோடு சேர்த்து உள்ளே இறக்குகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். முற்றத்துத் தண்ணீரையும் சேர்த்தே இறக்குகிற மகானுபாவர்களும் உண்டு.

திருச்சிக்காரனுக்கு வந்தது ஏ வகை. ஜனவரி டிரெயினிங் போச்சு. தந்திக்கு மேல் தந்தி கொடுத்து, மெடிக்கல் சர்ட்டிபிகேட் அனுப்பி, ஜூலையில் அடுத்த பேட்ச்சில்தான் சேர்ந்தான். அந்த ஆறு மாத சீனியாரிட்டி அவனை ரிட்டயர்மெண்ட் வரைக்கும் துரத்தியது. கூடத் தேறியவர்கள் பிராஞ்ச் மேனேஜர் ஆன பிறகும் இவன் அவர்களுக்கு ‘குட்மார்னிங் சார்’ சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் டம்ளரைத் தொடுவதற்கு முன், “கொதிக்க வெச்சதா?” என்று கேட்டு மானத்தை வாங்குவான்.

மார்ச் மாதம் ஓனர் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சௌக்கியம். முதல் லட்டு பக்கத்து வீட்டுக்குப் போனது. எங்களுக்கு இரண்டாவது.

1999-ல் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி வீட்டைக் காலி செய்தேன். ஓனர் அட்வான்ஸில் என் பங்கை எண்ணிக் கொடுத்தார். நாற்பது ரூபாய் குறைந்தது.

“என்ன சார் இது?”

“பிளீச்சிங் பவுடர் தம்பி, உங்க பங்கு” என்றார். “தண்ணி குடிச்சிட்டுப் போங்க. ஆறவெச்சது. ருசிதான் இல்லை.”